உறவினர் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது: மலேசியாவும் அதன் ஆசிய அண்டை நாடுகளும்

கேள்வி: "மலேசியா 1974இல் சீனாவோடு கைகுலுக்கியது. 1982இல் ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னது. நம் முன்னோர் வந்த இந்தியாவை மட்டும் ஏன் இத்தனை காலம் தள்ளி வைத்தது? எல்லாம் வணிகக் கணக்குதானா?" கோலாலம்பூரில் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்.

பதில்:

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. இந்தியாவை மலேசியா எப்போதுமே தள்ளி வைத்தது என்பது ஒன்று. அண்டை நாட்டு உறவுகளை வணிகம்தான் தீர்மானிக்கிறது என்பது மற்றொன்று. பினாங்கில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் சரியில்லை. சுதந்திரம் பெற்ற முதல் பத்தாண்டில் நம் நாட்டுக்கு மிக நெருக்கமாக நின்ற ஆசிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த நெருக்கம் தளர்ந்ததற்கும் சீன உறவு மலர்ந்ததற்கும் காரணத்தைத் துறைமுகக் கணக்கில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி வீட்டுக்குள் இருக்கிறது.

மலேசியாவுக்கு முற்றிலும் அந்நியமான அண்டை நாடு என்று ஒன்று இல்லை. சீனாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே குடிமக்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் அப்படியே. சுமத்ராவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் மலாய்ச் சமூகத்தோடு கலந்துவிட்டன. தாய்லாந்தின் தென்கோடி மாநிலங்களில் மலாய் பேசுகிறார்கள். கெடாவிலும் கிளந்தானிலும் சயாமியக் கிராமங்கள் இருக்கின்றன. ஆகவே எந்த அண்டை நாட்டோடு பேசப் போனாலும், உள்ளே இருக்கும் அந்த நாட்டு வழித்தோன்றல்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே நம் தலைவர்கள் வாய் திறந்திருக்கிறார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், நீங்கள் குறிப்பிட்ட ஆண்டுகள் எல்லாம் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

அடுத்த முறை பினாங்குக்கு வரும்போது புலாவ் திக்குஸ் பக்கம் ஒரு மாலை நடந்து பாருங்கள். பர்மா சாலை, மண்டலே சாலை, ஐராவதி சாலை, பாங்காக் சந்து என்று பெயர்ப் பலகைகள் வரும். ஒரே சந்தில் சயாமிய விகாரையும் பர்மிய விகாரையும் எதிரெதிரே நிற்கின்றன. நகருக்குள் வந்தால் ஆச்சே தெரு, சூலியா தெரு. சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல்தான் அந்தச் 'சூலியா'. அந்தப் பெயர்கள் பலகையில் ஏறியபோது இன்று நாம் அறிந்த எல்லைகள் எதுவும் இல்லை.

அதற்கும் முந்தைய ஒரு செய்தியை என் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். இராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து (இன்றைய கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைச் சோழன் தானமாக எழுதிக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் இன்று லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படுகின்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், 1025 வாக்கில், அவன் மகன் இராஜேந்திரன் கப்பற்படையோடு அதே கடாரத்தின்மீது பாய்ந்தான். நம்மவர்கள் மேடைகளில் இராஜேந்திரனின் படையெடுப்பை மட்டும் முழங்குவது எனக்கு வருத்தமாக இருக்கும். இங்கிருந்து போன அரசன் அங்கே கட்டிய பள்ளியும் அதற்குத் தமிழ் மன்னன் கொடுத்த ஊரும் அதே கதையின் முதல் பகுதி. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், கெடாவில் பிறந்த ஒரு மலாய் மாணவனுக்கு நாம் படையெடுத்து வந்தவர்களாக மட்டுமே தெரிவோம்.

பினாங்கு பிரிட்டிஷார் கைக்குப் போனதே அண்டை நாட்டு அச்சத்தால்தான். 1786இல் கெடா சுல்தான் அப்துல்லா இந்தத் தீவில் ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் லைட்டைக் குடியேற விட்டதற்குக் காரணம், சயாமிடமிருந்து (இன்றைய தாய்லாந்து) பாதுகாப்புக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. பாதுகாப்பு வரவில்லை. 1821இல் சயாம் கெடாவைக் கைப்பற்றியது. 1909 ஒப்பந்தத்தில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் பிரிட்டிஷ் பக்கம் வந்தன. 1943இல் ஜப்பானியர் அந்த நான்கையும் மறுபடியும் தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள். போர் முடிந்த பின்தான் அவை திரும்பின. ஒரு முழு மாநிலம் இப்படிக் கை மாறியதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானே கெடா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். எல்லை என்பது நிலையற்றது என்ற அச்சம் அந்தத் தலைமுறையின் இரத்தத்தில் இருந்தது.

இனி இந்தியா. 1962இல் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் போர் மூண்டபோது, துங்கு இந்தியாவுக்காக 'ஜனநாயகம் காக்கும் நிதி' ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவில் வேறு எத்தனை தலைவர்கள் அப்போது இந்தியாவுக்கு அப்படி வெளிப்படையாகத் துணை நின்றார்கள்? 1963இல் மலேசியா உருவானதும் சுகர்னோவின் இந்தோனேசியா மோதலில் இறங்கியது. அப்போது இந்தியா மலேசியாவின் பக்கம் நின்றது. 1965இல் இந்திய–பாகிஸ்தான் போர் நடந்தபோது ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் மலேசியாவின் சார்பில் பேசியவர் ஆர். ரமணி, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நம் நாட்டு வழக்கறிஞர். அவர் பேச்சு இந்தியாவுக்குச் சாதகமாக இருந்தது என்று சினந்து, பாகிஸ்தான் மலேசியாவோடு தூதரக உறவையே துண்டித்தது. மறு ஆண்டுதான் அது சரியானது. ஒரு முஸ்லிம் பெரும்பான்மை நாடு இந்தியாவுக்காக இவ்வளவு விலை கொடுத்த காலம் ஒன்று இருந்தது என்பதை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை.

அந்த மோதலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பினாங்கு அதில் நேரடியாக அடிபட்டது. இந்தோனேசியா மலேசியாவோடு வணிகத்தை நிறுத்தியதும், சுமத்ராவிலிருந்து வந்துகொண்டிருந்த ரப்பரும் வாசனைப் பொருள்களும் வெள்ளீயத் தாதும் நின்றுபோயின. என் பெரியப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் வேலை மூன்று நாளானது என்று அவர் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுமத்ராவோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பலருக்கும் அது பெரிய இழப்பு. 1966 ஆகஸ்டில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. மறு ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் பிறந்தது. மூன்றாண்டு சண்டையிட்ட இரு நாடுகள் ஓராண்டுக்குள் ஒரே மேசையில் உட்கார்ந்தன. ஆனால் பினாங்குக்குப் பழைய வணிகம் திரும்பவில்லை. 1969இல் தீவின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியும் போனது. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கும்வரை இளைஞர்கள் வேலையில்லாமல் திரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த நெருக்கம் 1970க்குப் பிறகு ஏன் தளர்ந்தது? மூன்று காரணங்களைச் சொல்வேன். துங்குவுக்குப் பின் வந்த துன் அப்துல் ரசாக் மேற்கத்திய சார்பைக் குறைத்து நடுநிலைப் பாதைக்குத் திரும்பினார். தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் கொண்ட வட்டாரமாக வேண்டும் என்ற கோலாலம்பூர் பிரகடனம் 1971 நவம்பரில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியா சோவியத் ஒன்றியத்தோடு நட்புடன்படிக்கை செய்துகொண்டது. பிறகு 1980இல், வியட்நாமின் படைபலத்தில் நின்ற கம்போடிய அரசை இந்தியா அங்கீகரித்தது. ஆசியான் நாடுகள் அனைத்தும் எதிர்த்த அரசு அது. தாய்லாந்தின் வாசலில் வியட்நாம் படை நிற்கும்போது இந்தியா அதற்கு ஒப்புதல் கொடுத்ததை இங்கே யாரும் எளிதில் மறக்கவில்லை. பனிப்போர் முடிந்து, 1990களில் இந்தியா கிழக்கு நோக்கித் திரும்பிய பின்தான் அந்தக் காயம் ஆறியது. இதில் தமிழர்மீது வெறுப்பு எதுவும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் டெல்லிக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான பூசலை நம்மீது வந்த பகையாக எண்ணி மருகினார்கள்.

நம்மைத் தொட்டது வேறொன்று. 1968இல் வந்த வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் வாங்கித்தான் வேலை செய்ய வேண்டும் என்றது. குடியுரிமை இல்லாதவர்க்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் தோட்டங்களிலும் துறைமுகத்திலும் நம்மில் ஏராளம். குடிமக்களுக்குரிய நீல அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தும், 'நாளைக்கு ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு' என்று விட்டவர்கள் இருந்தார்கள். என் பெரியப்பா அப்படிப்பட்டவர். இளம் வயதில் வந்தவர், நாற்பத்தேழு வயதில் 1970இல் ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினத்துக்குத் திரும்பினார். பல்லாயிரம் பேர் அந்த ஆண்டுகளில் அப்படித் திரும்பினார்கள். அவரை வழியனுப்ப நாங்கள் கரையில் நின்றோம். எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியம்மா ஒரு கையில் தகரப் பெட்டியும் மறு கையில் இரும்புத் தோசைக்கல்லும் வைத்திருந்தார். இங்கே பிறந்து இங்கே பள்ளிக்குப் போன என் அண்ணன்மார் இருவர் அந்தக் கப்பலில் 'தாயகம்' திரும்பினார்கள். அந்தத் தாயகத்தை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இப்போது சீனாவைப் பாருங்கள். 1974 மே 31 அன்று பெய்ஜிங்கில் துன் ரசாக்கும் சீனப் பிரதமர் சௌ என்லாயும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆசியான் நாடுகளில் முதலில் போனது நாம்தான். அந்தக் கூட்டறிக்கையை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். வணிகத்தைப் பற்றிய வாசகங்களைவிட, இரட்டைக் குடியுரிமையை இரு நாடுகளும் ஏற்பதில்லை என்ற பகுதிதான் அதன் உயிர். மலேசியக் குடியுரிமை பெற்ற சீனர்கள் இனிச் சீனாவின் குடிமக்கள் அல்லர் என்று பெய்ஜிங் ஒப்புக்கொண்டது. ஒரு வெளிநாட்டு ஒப்பந்தத்தில் நம் பிரதமர் தேடியது இதைத்தான்: உள்நாட்டுச் சீனரின் விசுவாசம் யாருக்கு என்ற கேள்விக்கு ஒரு பதில்.

அந்தக் கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. 1910 நவம்பரில் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் பினாங்கில்தான் கூட்டம் கூட்டி, மறு ஆண்டு குவாங்சோவில் நடந்த எழுச்சிக்குத் திட்டமும் பணமும் திரட்டினார். ஆர்மேனியன் தெருவில் அவர் இயக்கம் செயல்பட்ட வீடு இன்றும் இருக்கிறது. 1943இல் நேதாஜியின் அழைப்பைக் கேட்டு, இந்தியாவைப் பார்த்தே இராத தோட்டத் தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அதைப் பெருமையோடு சொல்வேன். ஆனால் ஆட்சியில் இருப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லும்: இவர்கள் மனம் வேறு கரையில் இருக்கிறது. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலப் போரில் கம்யூனிஸ்ட்டுகளில் பெரும்பாலோர் சீனர். தூதரக உறவு ஏற்பட்ட பிறகும் சீன மண்ணிலிருந்து மலாயாப் புரட்சி வானொலி 1981வரை ஒலித்துக்கொண்டிருந்தது. மலேசியர்கள் சீனாவுக்குத் தடையின்றிப் போய்வர 1990வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1989 டிசம்பரில் தாய்லாந்தின் ஹாட்யாயில் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதத்தைக் கீழே வைத்த பின்புதான் அந்தக் கதவு திறந்தது.

துன் ரசாக்கின் சீனப் பயணம் எவ்வளவு உள்நாட்டு விஷயம் என்பதற்கு இன்னொரு சான்று தருகிறேன். அவர் மே மாதம் மாசேதுங்கைச் சந்தித்தார், ஆகஸ்டில் பொதுத்தேர்தல். இருவரும் கைகுலுக்கும் படம் சுவரொட்டியானது. அவருடைய கூட்டணியான பாரிசான் நேசனல் 154 இடங்களில் 135ஐ வென்றது. பள்ளிக்குப் போகும் வழியில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் தெருவின் மளிகைக் கடைக்காரர், கடுமையான சீன முதியவர், அதன்முன் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வித்தியாசம் புரிகிறதா? சீனரின் குடியுரிமைக் கேள்விக்கு வெளிநாட்டு மேசையில் ஒரு வாசகம் கிடைத்தது. நம்மவர்களின் குடியுரிமைக் கேள்வி அந்த உயரத்துக்குப் போகவே இல்லை. சிவப்பு அட்டைக்காரர்களின் கதை இரு அரசுகளுக்கிடையே பேச்சாகாமல், அலுவலக முகப்புகளில் ஒவ்வொருவராகத் தீர்ந்தது அல்லது தீராமல் போனது. நம் எண்ணிக்கை சிறிது, நம் முதலாளிகள் குறைவு என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் 1974ஐ நினைக்கும்போதெல்லாம் நாகப்பட்டினம் போன அந்தக் கப்பல் என் கண்முன் வருகிறது.

ஜப்பானைப் பற்றி. 1982இல் பிரதமர் மகாதீர் 'கிழக்கு நோக்கும் கொள்கை'யை அறிவித்தபோது, பிரிட்டனைத் தள்ளி நிறுத்துவதே அவருடைய பாதி நோக்கம். மாணவர்கள் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போனார்கள். 1985இல் திறக்கப்பட்ட எங்கள் பினாங்குப் பாலத்தைக் கட்டியது கொரியாவின் ஹூண்டாய். 2014இல் திறந்த இரண்டாவது பாலம் சீனக் கடனிலும் சீன நிறுவனத்தின் கூட்டிலும் எழுந்தது. நாட்டின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை அறிய, படகுத்துறையில் நின்று இந்த இரண்டு பாலங்கள் பிறந்த கதையைக் கேட்டாலே போதும். 2009 முதல் நம் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி சீனாதான்.

ஆனால் ஜப்பானோடு நட்பு மலர்ந்த வேகத்தில் ஒன்று விடுபட்டது. 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பாதவர்களின் பெயர்ப்பட்டியல்கூட நம்மிடம் முழுமையாக இல்லை. 1994இல் ஜப்பானியப் பிரதமர் வந்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது ஏன் என்று மகாதீர் கேட்டார். முதலீடு வேண்டிய ஒரு நாட்டின் தலைவர் அப்படிச் சொன்னதன் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் மன்னிப்பது அந்தக் குடும்பங்களின் உரிமை. அவர்களை யாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் என் மனம் கொதிக்கிறது.

பண்பாடு நெருக்கமாக இருந்தால் உறவு இனிக்கும் என்று நினைக்காதீர்கள். இந்தோனேசியாவைவிட மலாய்ப் பண்பாட்டுக்கு நெருக்கமான நாடு இல்லை. சண்டையும் அங்கேதான் அதிகம். 2009இல் மலேசியாவைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் இடம்பெற்றதும் ஜகார்த்தாவில் தெருப் போராட்டமே நடந்தது. பாத்திக் யாருடையது, நாட்டுப்பாடல் யாருடையது என்ற பூசல்கள் வந்து போயின. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை போலத்தான் அதுவும். சிங்கப்பூரோடு தண்ணீர் விலையும் பாறைத் தீவும், பிலிப்பைன்ஸோடு சபா உரிமைக் கோரிக்கையும் இதே வகை. அவற்றை விரித்தால் இந்தப் பதில் முடியாது.

தமிழர் இதில் ஒரு நல்ல வழியைக் கண்டார்கள் என்பேன். நாம் டெல்லி வழியாகப் போகாமல் மொழி வழியாகப் போனோம். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியது. தனிநாயகம் அடிகள் அங்கே இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். சென்னையே இரண்டாவது மாநாட்டை 1968இல்தான் நடத்தியது. அந்த முதல் மாநாட்டில் கூடியவர்கள் தங்களை மலேசியர் என்று சொல்லத் தயங்கவில்லை. தமிழுக்காகத் தமிழகத்தின் முதலமைச்சரை இங்கே வரவழைக்க முடிந்தது, யாருடைய விசுவாசமும் கேள்விக்குள்ளாகாமல்.

அரசியல் அந்த வழியில் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியரின் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் அமைப்பு நடத்திய பேரணிக்குப் பின், தமிழக முதலமைச்சர் கருணாநிதி கவலை தெரிவித்து இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவர் தம் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் மலேசிய அமைச்சர் ஒருவர் கடுமையாகப் பதில் சொன்னார். 2019இல் மகாதீர் ஐ.நா.வில் காஷ்மீரைப் பற்றிப் பேசினார். 2020 ஜனவரியில் சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தமிழனுக்கு இரண்டு தலைநகரங்களின் கோபமும் கூலியில் வந்து இறங்கியிருக்கும். நல்லவேளையாக அது நீளவில்லை. 2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் டெல்லி போனபோது இரு நாட்டு உறவு விரிவான வியூகக் கூட்டாண்மை என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது. அன்வார் பினாங்கு மாநிலத்துக்காரர். 2025 ஜூலையில் தாய்லாந்தையும் கம்போடியாவையும் புத்ராஜெயாவில் உட்காரவைத்துப் போர்நிறுத்தம் பேசியவரும் அவரே.

பண்பாட்டில் இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அதில் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் கல்லில் வீசிய மாவு இந்த நாட்டின் சொத்தாக உலகத்தின்முன் வைக்கப்பட்டது. தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தின்முன் தேங்காயை மலைபோலக் குவித்து உடைக்கும் சீனக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். நகரத்தார் அந்த ரதத்தைக் கொண்டுவந்தது 1894இல். இவற்றையெல்லாம் எந்தக் கூட்டறிக்கையும் உண்டாக்கவில்லை.

2023 டிசம்பர் முதல் சீனருக்கும் இந்தியருக்கும் ஒரே நாளில் 30 நாள் விசா விலக்குக் கிடைத்தது. இரு நாடுகளையும் ஒரே அறிவிப்பில் சேர்த்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒன்றை எந்த அமைச்சரும் நினைத்திருக்க மாட்டார். பயணிகள் கப்பல் 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே ஒரு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. சென்ற ஆண்டு பெரியப்பாவின் பேத்தி அதில் வந்தாள். வருகை அட்டையைக் கைப்பேசியிலேயே நிரப்பிவிட்டாளாம். தாத்தா வேலை செய்த துறைமுகத்தைக் காட்டுங்கள் என்றாள். கூட்டிப்போனேன். அப்போது ஓர் உல்லாசக் கப்பல் கரையில் நின்றது. பெரியம்மாவின் அந்தத் தோசைக்கல் இன்னும் நாகப்பட்டினத்து வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது என்றாள். அதன் அடிப்பக்கத்தில் பினாங்குக் கடைப் பெயர் சீன எழுத்தில் இருக்கிறதாம். படிக்கத்தான் அங்கே ஆள் இல்லை. படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருவில் படித்துச் சொல்ல ஆள் உண்டு.